இறுகிய தோலும் இளக்கும் ஒளியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

வைத்தியத் துறையைச் சேர்ந்த ஒருவரை மேடைக்கு அழைத்தால் அவர் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் அவற்றைப் பேசுவதற்கு ஆட்கள் பலர் இருக்கின்றனர். நான் இன்று எடுத்துக்கொண்டது அருமையாகக் காணப்படும் ஒரு நோய். ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு வருகின்ற நோய்க்காகப் பேச முன்வருவோர் இலர். அந்த ஒருவரோ வீட்டின் உள்ளறையிலே இருந்து, தமக்கு வந்தது இன்னதென்று அறியாமலே வருடங்களைக் கழித்துவிடுகிறார். தோல் இறுகித் தடிக்கும் அந்நோயையும், அதற்கு ஒளியையே மருந்தாகக் கொடுக்கும் முறையையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஒளி மருந்து என்றதும் இங்குள்ள பெரியவர்கள் சிலரின் முகம் மலர்வதைக் காண்கிறேன். காலையில் எழுந்து ஞாயிற்றைக் கும்பிடுபவர்களுக்கு அது மகிழ்ச்சி தரும் செய்திதான். அந்த மகிழ்ச்சியைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் மருந்து என்று ஒன்றைச் சொன்னால் அதற்கு அளவு உண்டு, பத்தியம் உண்டு, ஆகாத இடமும் உண்டு. ஒளியும் அதற்கு விலக்கன்று.

முதலில் நோயைப் பார்ப்போம். நமது தோலின் மேற்படைக்குக் கீழே தடித்த உட்படை ஒன்று இருக்கிறது. அது தொடுப்பிழையத்தால் ஆனது. கொலாஜன் என்னும் புரத நார்கள் அங்கே ஓலைப் பாயிலே ஓலைகள் கிடப்பதுபோல் ஒன்றையொன்று ஊடறுத்துக் கிடக்கின்றன. இந்த நார்களை உண்டாக்குவதற்கென்று சில கலங்கள் உள. பழைய நார்களை அறுத்து அகற்றுவதற்கு நொதியங்கள் உள. இழைப்பவரும் பிரிப்பவரும் சம அளவில் வேலை செய்யும்வரை தோல் மெதுமையாக இருக்கும், கிள்ளினால் மடியும், விட்டால் பழைய நிலைக்கு மீளும். இந்நோயிலே இழைப்பவர் கை ஓய்வதில்லை, பிரிப்பவர் சோர்ந்துவிடுகின்றனர். நாருக்கு மேல் நார் குவிந்து தோல் தடித்து, பளபளத்து, கீழுள்ள தசையோடு ஒட்டினாற்போல் ஆகிவிடுகிறது. கிள்ளி மடிக்க முடிவதில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி இக்கலங்களைத் தூண்டுகிறது என்பது வரை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

இதற்கு ஸ்கிளரோடெர்மா என்று பெயர். கிரேக்க மொழியில் கடினமான தோல் என்பதே அதன் பொருள். 1753 ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கார்லோ கூர்சியோ என்பவர், பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் தோல் மரப்பட்டைபோல் இறுகியதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இந்நோயின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவார்கள். அவளுக்கு இருந்தது உண்மையில் இந்நோய்தானா என்று இன்று சிலர் ஐயுறுகின்றனர். அது அறிஞர் விவகாரம், நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது இதில் இரண்டு வகை உண்டு என்பதே. ஒன்று தோலின் ஓரிடத்தில் மட்டும் வருவது. இதனை மோர்பியா என்பர். அபினியிலிருந்து எடுக்கும் மோர்பின் வேறு, இது வேறு. வயிற்றிலோ முதுகிலோ தொடையிலோ ஒரு தழும்பு தோன்றும்; நடுவில் தந்தம்போல் வெளிறி, ஓரத்தில் ஊதா நிறக் கரையிட்டிருக்கும். நமது கரிய தோலிலே அந்த ஊதாக்கரை எளிதில் தெரிவதில்லை. கறுப்புத் தழும்பு என்றோ பழைய காயத்தின் வடு என்றோ எண்ணிவிடுவோம். சில பிள்ளைகளுக்குக் கையிலோ காலிலோ நீளக் கோடாக வந்து, அந்த அவயவத்தின் வளர்ச்சியையே தடுத்துவிடும். நெற்றியிலே வாள் வெட்டியதுபோல் பள்ளமாக வருவதும் உண்டு.

மற்றையது உடல் முழுவதையும் பிடிப்பது. இது பெரும்பாலும் விரல்களில் தொடங்கும். குளிர்ந்த நீரில் கை வைத்தாலும், நுவரெலியாப் பக்கம் போய் இறங்கினாலும் விரல்கள் வெண்மையாகி, நீலமாகி, பின் சிவந்து மீளும். 1862 இல் பிரான்சிலே மோறிஸ் றேனோ என்பவர் இதை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. விரல் நிறம் மாறுகிற எல்லோருக்கும் இந்நோய் வந்துவிடாது. ஆனால் இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் விரல் நிறம் மாறும். பின்னர் விரல்கள் வீங்கி இறுகும், வாய் சிறுக்கும், சோறு விழுங்க இடர்ப்படும். நுரையீரல், சிறுநீரகம், இருதயம் என்று உள்ளேயும் நார் படரும். ஆண்களிலும் பார்க்கப் பெண்களுக்கு நான்கு மடங்கு அளவில் இது வருகிறது.

சித்திரத்திலே ஈடுபாடுள்ள இளைஞர்கள் பவுல் கிளேயின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். சுவிற்சர்லாந்திலே பிறந்த அந்த ஓவியர் 1935 இல் நோயுற்று 1940 இல் இறந்தார். அவருக்கு இருந்தது இந்நோயே என்று பிற்கால வைத்தியர்கள், அவருடைய கடிதங்களையும் படங்களையும் பார்த்து முடிவு செய்தனர். உடல் நலிந்துகொண்டிருந்த 1939 ஆம் ஆண்டில் மட்டும் அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை வரைந்திருக்கிறார்.

இனி, நான் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டதற்குரிய காரணத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டிலே பெண்பிள்ளை ஒருத்திக்குக் கையிலே வெளிறிய தழும்பு காண்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் முதலில் அஞ்சுவது எதற்கு? குஷ்டத்துக்கு. மாந்தீவின் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் இச்சபையிலும் இருக்கின்றனர். ஆகவே பிள்ளைக்கு நீளக் கைச் சட்டை தைக்கப்படுகிறது. சடங்கு வீடுகளுக்குக் கூட்டிப்போவது நிற்கிறது. கலியாணப் பேச்சு முடியும்வரை வைத்தியரிடம் போவதும் நிற்கிறது. இது ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீளும்.

இங்கே மூன்று உண்மைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். தோல் இறுகும் நோய் தொற்றாது. தொட்டாலும் சேர்ந்து உண்டாலும் ஒரே பாயிற் படுத்தாலும் தொற்றாது. குஷ்டத் தழும்பிலே பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும், இந்தத் தழும்பிலே பொதுவாக உணர்ச்சி இருக்கும். எனினும் வீட்டிலே ஊசியாற் குத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அதை வைத்தியர் பார்க்கட்டும். மூன்றாவது, குஷ்டமேயானாலும் கூட்டு மருந்துகளால் அது முற்றாகக் குணமாகிறது. உலக சுகாதார நிறுவனம் 1981 இல் அம்முறையை விதந்துரைத்த பின் கோடிக்கும் அதிகமானோர் உலகமெங்கும் குணமடைந்தனர். எந்த நோயானாலும் ஒளித்து வைப்பதற்கு நியாயம் கிடையாது. இந்நோயிலோ ஒளித்து வைப்பதனால் நேரடியான நட்டமும் உண்டு. தழும்பு புதிதாக, ஓரம் சிவந்தோ ஊதாவாகவோ வளர்ந்துகொண்டிருக்கும் காலத்திலேதான் மருந்தும் ஒளியும் நன்கு வேலை செய்யும். வெந்து தணிந்து வடுவாய்ப் போன பின்னர் எதைக் கொடுத்தாலும் பலன் குறைவு.

ஒளியை வைத்தியத்தில் கணக்கோடு பயன்படுத்திய முதல்வர் நீல்ஸ் ஃபின்சன். 1860 இல் வட அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பறோத் தீவுகளிலே பிறந்தவர். டென்மார்க்கில் வைத்தியம் படித்தவர். இளவயதிலேயே தீராத நோயாளி. சூரிய ஒளி தமது சோர்வை நீக்குவதாக அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நில்லாமல் ஆராய்ந்தார். அக்காலத்தில் தோலிலே வரும் காசநோயால் முகம் அரிக்கப்பட்டு, வெளியே தலைகாட்டாமல் வாழ்ந்தோர் ஐரோப்பாவிற் பலர். மின்வில் விளக்கின் ஒளியைக் கண்ணாடிகளாற் குவித்து, நீர் பாய்ச்சிச் சூட்டை அகற்றி, அந்தப் புண்களின் மேல் விழச் செய்தார். முகங்கள் ஆறின. 1896 இல் கொப்பன்ஹேகனில் ஒளி வைத்திய நிலையம் எழுந்தது. பின்னாளில் இங்கிலாந்தின் இராணியான, டென்மார்க்கிற் பிறந்த அலெக்சாந்திரா 1900 இல் லண்டன் ஆஸ்பத்திரிக்கு ஒரு விளக்கைக் கொண்டுவரச் செய்தார். 1903 இல் ஃபின்சனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, 43 வயதில், அவர் இறந்தார். முகத்தை மறைத்து வாழ்ந்தவர்களை வெளியே கொண்டுவந்த மனிதர் என்பதால் அவர்மீது எனக்குத் தனியான மதிப்பு உண்டு. காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்ததும் அவருடைய விளக்குகள் மூலைக்குப் போயின.

ஒளி வைத்தியத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் நமக்கும் பங்கு உண்டு. கார்போகரிசி என்பதைச் சித்த வைத்தியம் அறிந்தவர்கள் அறிவர். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயிலில் இருக்கச் செய்வது பாரத நாட்டின் பழைய முறை. நைல் நதிக் கரையிலும் வேறொரு செடியின் விதையை இவ்வாறே பயன்படுத்தினர். இரண்டிலும் இருப்பது சோறலென் என்னும் ஒரே வகைப் பொருள். அது தோலை ஒளிக்குக் கூச்சமுடையதாக்கும். 1940களில் கெய்ரோவில் அப்தல் மொனெம் எல் மொஃப்தி என்பவர் அந்த எகிப்தியச் செடியின் சத்தைப் பிரித்தெடுத்து வெண்புள்ளிக்குக் கொடுத்தார். 1974 இல் அமெரிக்க வைத்தியர்கள் அதே பொருளைக் கொடுத்துக் குழல் விளக்கின் கீழ் நிறுத்திச் செதிலுதிர் நோயைத் தணித்தனர். அம்முறை பின்னர் தோல் இறுகும் நோய்க்கும் வந்தது.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே கார்போகரிசி வாங்கிப் பூசிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட வேண்டாம். அளவு தவறினால் தீப்பட்டாற்போல் கொப்புளம் எழும்.

மூன்றாம் அத்தியாயமே நமது விஷயம். கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்கு அப்பால் உள்ளவற்றை ஊதாக்கடந்த கதிர்கள் என்கிறோம். அவற்றுள் அலை நீளம் குறைந்த பி கதிர் தோலின் மேற்படையிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். வெயிலிற் தோல் வெந்து எரிவது பெரும்பாலும் அதனாலேதான். அலை நீளம் கூடிய ஏ கதிர் ஆழமாகச் செல்லும். சாளரக் கண்ணாடி பி கதிரைத் தடுத்து, ஏ கதிரிற் பெரும்பகுதியை விட்டுவிடும். ஏ கதிரிலும் 340 முதல் 400 நனோமீற்றர் வரையுள்ள பகுதியை ஏ1 என்று தனியாகப் பிரித்திருக்கின்றனர். தோலை அதிகம் எரிக்காமல் கொலாஜன் குவிந்துள்ள உட்படைக்குச் செல்லத்தக்கது அது. 1995 இல் ஜேர்மன் வைத்தியர்கள் மோர்பியா நோயாளருக்கு இதைப் பயன்படுத்திய பலனை வெளியிட்டனர்.

அங்கே சென்று அது என்ன செய்கிறது? நான் முன்பு சொன்ன, சோர்ந்துபோன பிரிப்பவரை எழுப்பிவிடுகிறது. கொலாஜனை அறுக்கும் நொதியத்தை அக்கலங்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. புதிய நார் இழைக்கும் வேகம் குறைகிறது. அழற்சியை வளர்க்கும் வெண்கலங்கள் சில மடிகின்றன. ஆக ஒளியின் சூட்டால் தோல் மெழுகுபோல் உருகுவதில்லை. ஒளி ஒரு கட்டளையாகச் சென்று, கலங்களே அந்த வேலையைச் செய்கின்றன. அதனாலேதான் பலன் ஒரு நாளிலே தெரியாமல் வாரக் கணக்கிலே தெரிகிறது.

கொடுக்கும் விதத்தையும் சொல்கிறேன். நோயாளி கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்து விளக்குப் பெட்டியில் நிற்பார். அல்லது விளக்குக் கட்டிலிற் படுப்பார். ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலுக்கு எத்தனை யூல் சக்தி என்பதே மருந்தின் அளவு. ஜேர்மனியில் 130 யூலையும் 20 யூலையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1997 இல் பெரிய அளவே மேல் என்றனர். பின்னர் 2006 இல் வெளியான ஆராய்ச்சியிலே 64 மோர்பியா நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 20 யூல் ஏ1, இன்னொரு பிரிவுக்கு 50 யூல் ஏ1, மற்றொன்றுக்கு 311 நனோமீற்றர் அளவிலான குறுகிய பி கதிர் என்று வாரம் ஐந்து தடவையாக எட்டு வாரம் கொடுத்தனர். மூன்று பிரிவாருக்கும் தோல் இளகியது. 50 யூல் ஏ1 குறுகிய பி கதிரை வென்றது. ஏ1 விளக்கு விலை கூடியது. எல்லா நாட்டிலும் கிடைப்பதன்று. குறுகிய பி விளக்கோ உலகெங்கும் பரந்திருப்பது. ஆகவே நம்மைப் போன்ற நாட்டவருக்கு இவ்வாராய்ச்சியிலே பெரிய செய்தி வென்றது எது என்பதைவிட, தோற்றதும் பயன் தந்தது என்பதே என்று நான் கருதுகிறேன்.

உடனே உங்களில் ஒருவர் கேட்கக்கூடும்: இவையெல்லாம் வெள்ளைக்காரர் தோலிலே பார்த்தவை, நமது தோலின் கருமை கதிரைத் தடுத்துவிடாதா? நல்ல கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2008 இல் சுகதேகிகளின் தோலிலே சோதித்து, நிறம் கூடக் கூட நொதியம் சுரப்பது குறைகிறது என்று கண்டனர். ஒளி பட்டுத் தோல் கறுத்த பின் அடுத்த தடவைகளின் பலனும் குறைகிறதாம். அதே ஆண்டிலே டெக்சாஸ் வைத்தியர்கள், பல்வேறு தோல் நோய்களுக்கு ஏ1 பெற்ற 101 பேரின் குறிப்புகளைப் புரட்டி, வெள்ளைத் தோல் முதல் கபில நிறத் தோல் வரை பலனில் வேற்றுமை காணவில்லை என்றனர். ஆய்வுகூடம் ஒன்று சொல்ல, ஆஸ்பத்திரி வேறொன்று சொல்வது வைத்தியத்தில் புதினமன்று. கெய்ரோவிலோ நம்மைப் போல வெயிலிற் கறுத்த மக்களுக்குச் சாதாரண ஏ கதிரையே 5, 10, 20 யூல் என்ற சிறு அளவுகளிற் கொடுத்து, 2004 இல் நல்ல பலன் வெளியிட்டனர். ஆகவே, கறுப்புத் தோல் என்று கதவைச் சாத்திவிட இடமில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். குறையைச் சொல்லாத வைத்தியனை நம்பாதீர்கள். ஏ1 பெற்று இளகிய மோர்பியா, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் திரும்பி வந்ததை 2014 இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அப்போது மீண்டும் சிகிச்சை வேண்டும். தசைவரை இறங்கிய தழும்பையும், பிள்ளைகளின் கைகாலிலே கோடாக ஓடுவதையும் ஒளி எட்டிப் பிடிப்பது அரிது. அவற்றுக்கு மெதோற்றெக்சேற் போன்ற மருந்தே முதன்மை. தாமதித்தால் கால் கட்டையாகிவிடும். சோறலென் கலந்த முறையை நெடுங்காலம் தொடர்ந்தால் தோற் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது.

உடல் முழுவதையும் பிடிக்கும் வகையிலோ ஒளிக்குள்ள இடம் சிறியது. பிரான்சிலே ஒன்பது நோயாளருக்கு ஒரு கையை மட்டும் ஏ1 விளக்கின் கீழ் வைத்து, மற்றக் கையோடு ஒப்பிட்டனர். 2007 இல் வந்த முடிவு: இரண்டு கைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. வேறு சிலர் விரல் இளகியதாக எழுதியிருக்கின்றனர். அவற்றில் ஒப்பிடுவதற்கு மற்றக் கை இல்லை. இரத்தத்தை வெளியே எடுத்து, அதன் வெண்கலங்களுக்குச் சோறலெனும் ஏ கதிரும் கொடுத்துத் திரும்ப உடலிற் செலுத்தும் விசித்திர முறையும் ஒன்று உண்டு. ஒருவகைத் தோற் புற்றுநோய்க்கென 1987 இல் வந்தது அது. இந்நோயில் அதன் பலன் ஒருமுகமாக இல்லை.

இவ்வகையில் உயிரைப் பறிப்பது தோலன்று. நுரையீரலும் சிறுநீரகமும் இருதயமும். சிறுநீரகம் திடீரென்று தாக்கப்பட்டு இரத்த அழுத்தம் உச்சிக்கு ஏறும் நிலையிலே முன்னர் அநேகர் மாண்டனர். 1970களின் பிற்பகுதியில் வந்த கப்டோபிரில் வகை மருந்துகள் அந்தக் கதையை மாற்றின. நுரையீரலுக்கு மைகோபினோலேற்று, 2019 இல் இதற்கென அனுமதிக்கப்பெற்ற நின்ரெடானிப் முதலியன உள. தோல் சிறிது இளகிவிட்டது என்று மகிழ்ந்து, மூச்சுப் பரிசோதனையையும் அழுத்தம் பார்ப்பதையும் விட்டுவிடும் நோயாளி பெரிய ஆபத்தில் நிற்கிறார்.

அப்படியானால் யாழ்ப்பாணத்து வெயிலே போதாதா, விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சூரிய ஒளியில் ஏ1 உண்டு. ஆனால் அதனோடு பி கதிரும் கலந்தே வருகிறது. விளக்கு சிறிது நேரத்தில் தரும் 50 யூலை வெயிலிற் பெற மணிக்கணக்கில் இருக்க வேண்டும். அதற்குள் தோல் வெந்துவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். லூப்பஸ் என்ற நோய் இந்நோயோடு சேர்ந்தும் வரலாம். ஒளி பட்டால் அது சீறி எழும். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்து லூப்பஸ் இல்லையென்று கண்ட பின்னரே விளக்கின் கீழ் நிறுத்துவார்கள். டொக்சிசைக்கிளின் போன்ற சில மாத்திரைகளை உண்பவர்களுக்கும் ஒளி ஆகாது. உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, வைத்தியரிடம் சொல்லுங்கள்; நாட்டு மருந்தை மறைப்பது நமது வழக்கம்.

வீட்டிலே செய்யக்கூடியவையும் சில உள. விரல்களை நாள்தோறும் மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். வாயை அகலத் திறந்து மூடிப் பழக வேண்டும். தோல் காயாமல் எண்ணெய் பூசலாம். அழுத்தித் தேய்ப்பதால் நார் கரைந்துவிடாது. குளிர்நீரிலே மீன் கழுவுவதும் துணி அலசுவதும் விரல் வெளிறுபவருக்கு உகந்தவையல்ல. அந்த வேலையை வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. புகைபிடித்தல் விரலுக்குப் போகும் இரத்தத்தை மேலும் சுருக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவருக்கு விரல் வெளிறுகிறது, அல்லது இறுகிய தழும்பு ஒன்று பெருக்கிறது என்று கண்டால், தோல் நோய் நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள். போவதற்கு முன் தழும்பின் ஓரத்தைப் பேனையாற் சுற்றி வரைந்து, மாதம் ஒருமுறை அருகே அடிமட்டம் வைத்துக் கைத்தொலைபேசியிற் படமெடுங்கள். விரல் நிறம் மாறும் வேளையிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். வைத்தியர் முன் கையை நீட்டும்போது அது பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.